காதுக்காரரின் இரண்டு பொய்க்குழிகள்

சமையலறைக் குழாயை நொடிக்கு ஒரு சொட்டு விழும்படி திருகிவைத்துவிட்டு, வலது காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டு, வீட்டு நடையில் பின்பக்கமாக நடந்துபோகிறார் காதுக்காரர். தரைக்கல் ஒன்றைக் கடந்ததும் நிற்கிறார், கண்ணை மூடிக் கேட்கிறார். சொட்டு கேட்டால் இன்னொரு கல் பின்னால். பாத்திரம் கழுவும் தொட்டியில் எவர்சில்வர் தட்டு ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. சொட்டு அதன் முதுகில்தான் விழ வேண்டும். தட்டு மாறினால் சத்தம் மாறிவிடும் என்பதால் அதில் யாரும் சாப்பிடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சொட்டு காதுக்கு எட்டாமல் போகும் இடத்தில் நின்று, சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்துச் சுவரில் இடுப்புயரத்தில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதி எழுதுகிறார்.

நடை மொத்தம் இருபத்திரண்டு கல். நல்ல நாட்களில் அது போதாது. வாசற்கதவைத் திறந்துகொண்டு மாடிக் குடியிருப்பின் பொது வராந்தாவுக்கே போய்விடுவார். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் செய்தித்தாள் எடுக்கக் கதவைத் திறந்தபோது, பனியனோடு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடியபடி தன் செருப்பு அலமாரியை நோக்கிப் பின்புறமாக வந்துகொண்டிருந்த மனிதரைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து மாடிப்படியில் பார்த்தால் அவர் கொஞ்சம் உரக்கவே வணக்கம் சொல்கிறார்.

"பாத்திரம் கழுவணும். உங்க பரீட்ச முடிஞ்சுதா இல்லையா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்பாள்.

"இன்னும் ரெண்டு கல்லு. கொஞ்சம் பேசாம இரு."

"இருபது வருஷமா அதத்தான் சொல்றீங்க."

காதுக்காரர் என்பது அம்மா அப்பா வைத்த பெயர் இல்லை. தெருவில் பள்ளம் தோண்டும் ஆட்கள் வைத்தது. குடிநீர் அலுவலகத்தில் அவருக்கு வேலை, தரைக்கடியில் ஓடும் குழாய் எங்கே கசிகிறது என்று காதால் கேட்டுச் சொல்வது. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஓர் இரும்புக் கம்பி, அதன் தலையில் மரத்தில் கடைந்த சின்னக் கிண்ணம். கம்பியின் நுனியைத் தார்ச்சாலையில் ஊன்றி, கிண்ணத்தில் காதைப் பொருத்திக்கொண்டு குனிந்து நிற்பார். நல்ல குழாயில் ஓடும் தண்ணீர் பேசாது. ஓட்டை வழியாகப் பீறிடும் தண்ணீர் சீறும். அந்தச் சீறல் எங்கே அதிகம் என்று இரண்டு அடி இப்படி, ஒரு அடி அப்படி நகர்ந்து பார்த்து, சாக்கட்டியால் சாலையில் ஒரு பெருக்கல் குறி போடுவார். அந்த இடத்தில் தோண்டினால் தண்ணீர். அவர் வேலை செய்வது விடியற்காலையில், லாரிகளும் பள்ளிக்கூட வண்டிகளும் கிளம்புவதற்கு முன்னால்.

குறி போட்டதும் கம்பியைத் தோளில் சாத்திக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். தோண்டி முடிக்கும்வரை நின்று பார்த்ததே கிடையாது. "இருந்து பாத்துட்டுப் போங்கண்ணே" என்று பள்ளம் தோண்டும் குழுவின் மேஸ்திரி ஆரம்ப காலத்தில் சொல்லிப் பார்த்தார். "எதப் பாக்கணும்? தண்ணியத்தானே? அதத்தான் கேட்டுட்டேனே" என்றார் காதுக்காரர். திமிர்தான். ஆனால் பத்தொன்பது வருடத்தில் அவர் குறிபோட்ட எந்த இடமும் வறண்டு போனதில்லை என்பதால் அந்தத் திமிரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தண்ணீர் இல்லாத இடத்தில் தோண்டிவிட்டால் அதற்குப் பெயர் பொய்க்குழி. சாலையை உடைத்த பாவமும் சேரும், கசிவும் அப்படியே இருக்கும். ஒரே வருடத்தில் மூன்று பொய்க்குழி போட்டவரிடமிருந்து கம்பியை வாங்கிக்கொண்டு, புகார் மேஜையில் தொலைபேசிக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே உட்கார்ந்தவர் யாரும் எழுந்து தெருவுக்குத் திரும்பியதில்லை.

வேலை செய்தது இடது காதுதான். கிண்ணத்தின் விளிம்பு உட்கார்ந்து உட்கார்ந்து அந்தக் காதைச் சுற்றி லேசாக ஒரு தழும்பே விழுந்திருக்கிறது. தொலைபேசியை அந்தப் பக்கம் வைக்க மாட்டார். பேருந்தில் ஜன்னல் காற்று படாமல் துண்டால் மூடிக்கொள்வார். கல்யாணமான புதிதில், சண்டை போடுவதானாலும் வலது பக்கம் வந்து நின்று போடு என்று மனைவியிடம் சொல்லிவைத்தார். அவளும் பெருந்தன்மையாக அப்படியே செய்துவந்தாள். "ரெண்டு பிள்ளைங்க வளத்தாச்சு, இந்தக் காதுதான் மூணாவது. பேரு வைக்காததுதான் பாக்கி" என்பாள்.

அந்த மூன்றாவது பிள்ளைக்குத்தான் போன மழைக்காலத்தில் சீக்கு வந்தது. நிரம்பி நின்ற ஒரு பள்ளத்தின் ஓரத்தில் குனிந்தவருக்கு, உடைந்த குழாயிலிருந்து சேற்றுத் தண்ணீர் காதிலேயே பீச்சியடித்தது. இரண்டு நாள் அரிப்பு. மூன்றாம் நாள் தாடையை அசைக்க முடியாத வலி. ஐந்தாம் நாள் தலையணை உறையில் மஞ்சளாக ஒரு கறை. அவர் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு நடையில் பின்னால் நடந்தார். ஒன்பதாவது கல்லிலேயே சொட்டு தொலைந்துபோனது.

"டாக்டர்கிட்ட போலாம்" என்றாள் மனைவி.

"போனா சீட்டு எழுதுவாங்க. சீட்டு ஆபீசுக்குப் போகும். ஆபீஸ்ல என்னத் தூக்கி போன் மேஜைல வச்சிருவாங்க. நான் அக்காகிட்ட போறேன்."

அக்கா என்பது அவருடைய கூடப்பிறந்த மூத்தவள். இரண்டு தெரு தள்ளி, நான்காவது மாடியில் இருக்கிறாள். தையற்கடை வைத்திருக்கிறாள். வருகிறவர்களுக்கு அளவெடுக்கும்போதே அவர்களுடைய சளி, மூட்டுவலி, தூக்கமின்மை எல்லாவற்றையும் விசாரித்து, பால்கனித் தொட்டிகளில் வளரும் எதையாவது பறித்துக் கையில் கொடுத்தனுப்புவாள். ரவிக்கை சரியில்லை என்று சண்டைக்கு வந்தவள்கூட மருந்தைக் குறை சொன்னதில்லை. தம்பியின் காதைப் பார்த்ததும் தையல் மிஷினை விட்டு எழுந்துவிட்டாள். நல்லெண்ணெயில் இரண்டு பல் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவைத்து, தன் மடியில் அவர் தலையைச் சாய்த்து மூன்று சொட்டு விட்டு, பஞ்சு அடைத்தாள். அரை மணி நேரத்தில் வலி போய்விட்டது. ஐம்பத்துநாலு வயது ஆண்பிள்ளை அக்கா மடியிலேயே தூங்கிப்போனார்.

மறுநாள் சொட்டு பதினொன்றாவது கல்வரை கேட்டது. கோடு போட்டு, பக்கத்தில் 'பூ' என்று எழுதினார். பூண்டு.

அதற்கப்புறம் நடந்ததற்கு அக்காவை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு கசிவைத் தேடும்போது எல்லா வால்வையும் ஒரே நேரத்தில் மூடக் கூடாது, ஒவ்வொன்றாக மூடிப் பார்க்க வேண்டும் என்பது காதுக்காரரின் தொழில். அதே ஒழுங்கில் வைத்தியம் பார்த்தார். மூன்று நாள் ஒரு மருந்து. நாலாம் நாள் கோடு. பூண்டு பதினொன்றிலேயே நின்றுவிட்டதால் துளசிச் சாறு. அது பத்து. வெங்காயத்தை வாட்டிப் பிழிந்தது, எட்டு. கிராம்பு போட்ட எண்ணெய், பத்து, மறுபடி நம்பிக்கை. வேப்பெண்ணெய், ஏழு. சுவரில் து, வெ, கி, வே என்று வரிசையாக எழுத்து ஏறிக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்த மருமகன், பேரப்பிள்ளைக்கு அகரவரிசை சொல்லிக்கொடுக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டான்.

ஒரு மருந்து தோற்றால் அடுத்ததில் இன்னும் வைராக்கியமாக இறங்கினார். வலி திரும்பி வந்தது. சீழ் நிற்கவில்லை. ஆனால் அவர் விடியற்காலை ஒருநாள்கூட வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கிண்ணத்தில் காதை வைப்பார், முடிந்ததும் புதுப் பஞ்சு. காது வலிப்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. கேட்கிறதா என்பதுதான் பேச்சு. அதிலும் ஒரு அதிசயம், சொட்டு கேட்காத காதில் கசிவு முன்னைவிட நன்றாகக் கேட்கிறது என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. கம்பியை ஊன்றிய இடமெல்லாம் சீறுகிறது.

சலவைக்கடைக்கு முன்னால் அவர் குறி போட்டபோது கொஞ்சமும் சந்தேகம் இல்லை. அவ்வளவு கணீரென்று கேட்டது. கம்பியைச் சாத்திக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் கழித்து மேஸ்திரி பின்னாலேயே தேடிக்கொண்டு வந்தார். அவர் கையில் ஒரு பிடி மண் இருந்தது. மாவு மாதிரி உலர்ந்த மண்.

"அண்ணே, அஞ்சடி போயிட்டோம்" என்றார் மேஸ்திரி.

உண்மையான கசிவு அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, ஒரு மதிலின் ஓரத்தில் மறுநாள் தானாகவே வெளியே வந்தது. ஒன்பதே நாளில் மருந்துக்கடை முனையில் இன்னொரு குறி. இந்த முறை காதுக்காரர் போகவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகப் பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தார். கடப்பாரை ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஈரத்துக்காகக் காத்திருந்தார். இடுப்பளவு, மார்பளவு ஆனது. குழாய் தெரிந்தது. எந்தக் குறையும் இல்லாமல், துடைத்துவைத்த பாத்திரம்போலக் கிடந்தது. தோண்டியவர்கள் யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

இன்னும் ஒன்று. அதோடு கம்பி போய்விடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டிலேயே கசிவு கேட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று தலையைத் தூக்கினார். மெல்லிய, விடாத சீறல். சமையலறைக்குப் போனார். குழாயைத் திருகி இறுக்கினார். சீறல் நிற்கவில்லை. குளியலறை, கழிப்பறைத் தொட்டி, துவைக்கும் மிஷினுக்குப் பின்னால் என்று ஒவ்வொன்றாகப் போய்க் காதை வைத்தார். பால்கனியில் செடிக்குப் போகும் குழாயையும் விடவில்லை. கடைசியில் கம்பியையே எடுத்துவந்து சுவரில் ஊன்றினார். அங்கேயும் சீறியது.

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே இந்த ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தேடுறீங்க?"

"எங்கேயோ லீக் ஆகுது. பெரிய லீக். உனக்குக் கேக்கல?"

"காலைல இருந்து தண்ணியே வரலையேங்க. ராத்திரி வரைக்கும் மெயின் வால்வ மூடிடுவோம், பக்கெட்ல புடிச்சு வைன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க."

உண்மைதான். அந்தப் பகுதி முழுக்க அன்று தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். எந்தக் குழாயிலும் ஒரு சொட்டு இல்லை. அவர் கம்பியைச் சுவரிலிருந்து எடுத்தார். சீறல் அப்படியே இருந்தது. இடது காதை விரலால் அடைத்தார். இன்னும் பெரிதாகக் கேட்டது. சலவைக்கடை முன்னாலும் மருந்துக்கடை முனையிலும் தான் தோண்டச் சொன்னது எதை என்று அப்போது அவருக்கு விளங்கியது. கம்பியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் பயந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து, இத்தனை வருடப் பழக்கத்தில் வலது பக்கமாகவே உட்கார்ந்துகொண்டாள்.

"நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போறோம்" என்றாள். அவர் சரி என்று தலையாட்டினார்.

காது டாக்டர் அதிகம் சிரிக்காத பெண்மணி. நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தவர், அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னென்ன ஊத்துனீங்க? வரிசையாச் சொல்லுங்க."

காதுக்காரர் சுவரைப் பார்த்துப் படிப்பதுபோலத் தேதியோடு சொன்னார். எழுதிக்கொண்டே வந்த டாக்டர் நாலாவது மருந்தில் பேனாவை வைத்துவிட்டார். "எண்ணெய் காய்ச்சின சட்டிய மட்டும்தான் விட்டு வச்சிருக்கீங்க போல" என்றார்.

மெல்லிய குழாயால் உறிஞ்சியும் இடுக்கியால் எடுத்தும் சுத்தம் செய்து, எடுத்ததையெல்லாம் ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். எப்போதோ அடைத்து மறந்துபோன பஞ்சு ஒன்று, எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. பூண்டுச் சக்கை இரண்டு துணுக்கு.

"உள்ள ஜவ்வுல ஓட்டை இருக்கு. அது முதல் வாரத்துலயே விழுந்திருக்கும். அப்பவே வந்திருந்தா பத்து நாள் வேலை. நீங்க ஊத்துனது எல்லாம் ஓட்டை வழியா உள்ள போயிருக்கு, உள்ள இருந்த சீழும் காயல. பூண்டு மேல எனக்குக் கோவம் இல்ல, சமையல்ல தாராளமாப் போடுங்க. சீழ் வர்ற காதுல வீட்டு மருந்து எதுவும் விடக் கூடாது, அவ்வளவுதான்."

காதுக்காரர் தட்டிலிருந்த பூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்டைக் குழாய அடைக்காம, மேல மேல தண்ணிய விட்டுப் பாத்திருக்கேன்" என்றார்.

"அதேதான்."

"இந்தச் சத்தம் போயிருமா டாக்டர்?"

"காது காயும். ஓட்டை சின்னதுதான், தானா மூடிக்கும்னு நினைக்கிறேன். சத்தம் போகும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். ஆறு வாரத்துக்கு ஒரு பொட்டு ஈரம் படக் கூடாது. வெளிய வேணும்னா சூடா ஒத்தடம் குடுத்துக்கலாம்."

டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர் நேரே அலுவலகத்துக்குப் போனார். இத்தனை நாள் எதற்குப் பயந்து ஒளித்தாரோ, அதைத் தானே கொண்டுபோய் இன்ஜினியர் அம்மாவின் மேஜையில் வைத்தார். அவர் சின்னப் பெண், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சீட்டைப் படித்துவிட்டு, அலமாரியில் பிரிக்காமல் இருந்த பெட்டியைப் பார்த்தார். கசிவு கேட்கும் மிஷின், போன மாதம்தான் வந்திருந்தது. காதுக்காரரும் அதைப் பார்த்தார்.

"ஆறு வாரம் போன் மேஜைல இருக்கேன் மேடம். அப்புறம் எனக்கு ஒரே ஒரு தெரு குடுங்க. அதுவும் பொய்க்குழியாப் போச்சுன்னா கம்பிய நானே கொண்டாந்து குடுத்துடறேன்."

இன்ஜினியர் சீட்டை எடுத்துக் கோப்பில் வைத்தார். "ஒரு தெருதான் சார்" என்றார்.

அக்காவிடம் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவரே போய்ச் சொல்வதற்குள் அக்கா வந்துவிட்டாள். சின்னப் பாட்டிலில் பச்சையாக ஏதோ சாறு. கற்பூரவல்லி. ஓர் இலைகூடப் பாக்கி வைக்காமல் தொட்டி முழுக்கப் பறித்துப் பிழிந்து கொண்டுவந்திருந்தாள். அவர் பாட்டிலை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார்.

அக்கா பாட்டிலைக் கையில் எடுத்து அதன் மூடியை இறுக்கினாள். பிறகு கேட்டாள், "அப்ப நான்தான் உன் காதக் கெடுத்துட்டேனா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கு வேறொருத்தர் காதில் ஊற்றுவாள். "கொஞ்சம் கெடுத்துச்சுக்கா. அதுல பாதிக்கு மேல என் பிடிவாதம். ஆனா முதல் நாள் உன் மடியில வலி போச்சு பாரு, அதுவும் பொய்யில்ல."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். கல்லுப்பை வறுத்து, துணியில் முடிந்து, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே திரும்பி வந்தாள். "வெளிய குடுக்கலாம்னு சொன்னாங்கல்ல? படுடா" என்றாள். இப்போது தையற்கடைக்குக் காதுவலி என்று வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது, "சீழ் வருதா?" என்றுதான். வருகிறது என்றால் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு, டாக்டர் வீட்டுக்கு வழி சொல்கிறாள். போகிறார்களா என்று ஜன்னல் வழியாகப் பார்க்கவும் பார்க்கிறாள்.

புகார் மேஜையில் ஆறு வாரம். தொலைபேசி ஆயுள் முழுக்க இருந்த அதே வலது காதில்தான் இருந்தது, ஆனால் இப்போது அவர் அந்தக் காதுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தெருவில் தண்ணீர் ஓடுகிறது என்று யாராவது அழைத்தால், பெயரும் முகவரியும் எழுதிக்கொண்டு, "போனைக் கொஞ்சம் குழாய்கிட்ட புடிங்கம்மா" என்பார். அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் பிடிப்பாள். இவர் கண்ணை மூடிக்கொள்வார். "இது குழாய் மூட்டுல இருந்து வருது. ஓட்டை இல்ல" என்று எழுதிக்கொள்வார். பக்கத்து மேஜைக்காரர்கள் முதல் வாரம் சிரித்தார்கள். மூன்றாம் வாரம், அவர் எழுதியது எத்தனை சரியாக இருந்தது என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

காலையில் தொட்டியில் மறுபடி தட்டு கவிழ்ந்தது. இந்த முறை எதிர்ச்சுவரில், வலது காதுக்குத் தனிக் கோடுகள். வேலையே செய்யாமல் வளர்ந்த காது, சோம்பேறி. முதல் நாள் பன்னிரண்டு கல். சொட்டுக்கும் காதுக்கும் நடுவில் இடது பக்கத்து இரைச்சல் குறுக்கே வந்து நிற்கும். அவர் விடவில்லை. பதினான்கு. பதினான்கு. பதினைந்து. ஒருநாள் பதிமூன்றுக்கு இறங்கியபோது சாக்கட்டியை உடைத்து எறிந்துவிட்டுப் போனவர், பத்து நிமிடத்தில் திரும்பி வந்து துண்டுகளைப் பொறுக்கினார். மனைவி கழுவாத பாத்திரத்தைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அந்த மாதம் அவள் பரீட்சை என்று கேலி பேசவில்லை. ஐந்தாவது வாரம், அவரைக் கேட்காமலேயே வாசற்கதவைத் திறந்துவைத்தாள்.

இடது காது காய்ந்தது. ஓட்டை மூடிவிட்டது என்று டாக்டர் விளக்கடித்துப் பார்த்துச் சொன்னார். சத்தம் போகவில்லை.

கேட்ட ஒரு தெரு சென்ற வாரம் கிடைத்தது. ரொட்டிக்கடைத் தெரு. விடிந்தும் விடியாத நேரம். மேஸ்திரியும் மூன்று ஆட்களும் கடப்பாரையோடு ஓரமாக நின்றார்கள். இன்ஜினியர் முன்பே வந்திருந்தார், காலடியில் அந்த மிஷின் பெட்டி. திறக்கவில்லை. ஆனால் கொண்டுவந்திருந்தார்.

காதுக்காரர் கம்பியை ஊன்றி, பழக்கத்தில் இடது காதைக் கொண்டுபோனார். பாதி வழியில் நிறுத்தி, கிண்ணத்தை வலதுக்கு மாற்றினார். சீறியது. இரண்டு அடி நகர்ந்தார். அங்கேயும் சீறியது. ரொட்டிக்கடை வாசல், மின்கம்பம், மூடிக்கிடந்த கண்ணாடிக்கடை, எல்லா இடத்திலும் ஒரே சீறல். மேஸ்திரி பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். கம்பி வலது காதில், இரைச்சல் இடது காதில், தலைக்குள் போனதும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

பக்கத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் கசிவு கேட்பார்கள். தன் காதிலிருக்கும் மோட்டாரை நிறுத்த முடியாது. ஆனால் கம்பியைத் தரையிலிருந்து எடுக்கலாம். அன்று வீட்டுச் சுவரிலிருந்து எடுத்தாரே, அதுபோல. காதுக்காரர் கம்பியின் நுனியைச் சாலையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கினார். சீறல் அப்படியே இருந்தது. அது அவருடையது. திரும்பத் தரையில் வைத்தார். சீறலில் மாற்றம் இல்லை. இங்கே ஒன்றும் கிடையாது. நகர்ந்தார். தூக்கினார், வைத்தார். நகர்ந்தார். தூக்கினார், வைத்தார்.

சைக்கிள் கடை ஷட்டருக்கு முன்னால் கம்பியை வைத்தபோது, அவருடைய சீறலுக்கு அடியில் இன்னொன்று நுழைந்தது. தூக்கினால் அது மட்டும் போனது. வைத்தால் வந்தது. பதினோரு தடவை தூக்கி வைத்தார். மேஸ்திரி எண்ணிக்கொண்டிருந்தார், அவர்தான் பிறகு எல்லோரிடமும் சொன்னார். பிறகு அரை அடி இடது பக்கம் தள்ளி, சாக்கட்டியை அழுத்திப் பெருக்கல் குறி போட்டார்.

"இங்க."

"மிஷின்ல ஒருதடவ பாத்துடலாமா சார்?" என்றார் இன்ஜினியர். கேலியாகச் சொல்லவில்லை, நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

"பாருங்க மேடம். தப்பில்ல" என்று சொல்லிவிட்டு, காதுக்காரர் கம்பியைத் தோளில் சாத்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, இன்னிக்கும் இருந்து பாத்துட்டுப் போங்க" என்று மேஸ்திரி கூப்பிட்டார். அவர் நிற்கவில்லை. முதுகுக்குப் பின்னால் தார் உடையும் சத்தம். ரொட்டிக்கடையைத் தாண்டினார். மண்வெட்டி இறங்கும் சத்தம். மின்கம்பத்தைத் தாண்டினார். திருப்பத்துக்கு வந்தபோது, பின்னால் நாலு பேர் ஒரே நேரத்தில் துள்ளி விலகும் காலடிச் சத்தமும், நனைந்துபோன யாரோ ஒருவன் திட்டுவதும், மேஸ்திரி வாய்விட்டுச் சிரிப்பதும் கேட்டன. வலது காதில் நன்றாகவே கேட்டன.

அடுத்த தெரு இன்னும் விழிக்கவில்லை. முனையில் நின்று கம்பியைத் தோளிலிருந்து இறக்கினார். தரையில் ஊன்றவில்லை. எதன்மேலும் படாமல் அதை முதலில் வெறுங்காற்றில் தூக்கிப் பிடித்து, கிண்ணத்தில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.